தேர்வுக்காக மட்டுமா பயிற்சி?

மலேசியாவில் 16 வயது நிரம்பியவர் ‘பி2’ பிரிவு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமத்திற்குப் பயிற்சி பெறலாம். நான்காம் படிவ மாணவர் பலர் அந்த நாளுக்காக ஆவலோடு காத்திருக்கின்றனர். பேருந்து வசதி குறைந்த ஊர்களில் பள்ளிக்கும் பகுதிநேர வேலைக்கும் சென்று வர மோட்டார் சைக்கிளே பெருந்துணை. எனவே, இளையோர் உரிமம் பெற விரும்புவதில் தவறில்லை. ஆனால், அவர்கள் எதற்காகப் பயிற்சி பெறுகின்றனர்? தேர்வில் தேறுவதற்காகவா, பாதுகாப்பாக வீடு திரும்புவதற்காகவா?

இக்கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காரில் செல்பவரைச் சுற்றி இரும்புக்கூடு இருக்கிறது. இருக்கை வாரும் இருக்கிறது. மோட்டார் சைக்கிளோட்டிக்கோ தலைக்கவசமும் விழிப்புணர்வுமே காப்பு.

முதலில் எழுத்துத் தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் 50 கேள்விகள் கேட்கப்படும். குறைந்தது 42 கேள்விகளுக்குச் சரியான விடை அளிக்க வேண்டும். மாதிரிக் கேள்விகளின் விடைகளை மனப்பாடம் செய்தால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. முன்னால் செல்லும் வாகனத்திற்கும் தமக்கும் இடையே குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். ஏன் என்று கேட்டால் விழிப்பர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்ந்துவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆனால், அதற்குள் ஏறக்குறைய நான்கு கார்களின் நீளம் கடந்திருக்கும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் மழை நாளில் யாரும் சொல்லாமலேயே இடைவெளியைக் கூட்டிக்கொள்வார்.

செய்முறைத் தேர்வும் இத்தகையதே. “வீட்டருகே இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன்; எனக்கு எதற்குப் பயிற்சி?” என்று கேட்போர் உளர். வண்டியை நகர்த்துவது வேறு, அதைக் கட்டுப்படுத்துவது வேறு. குறுகிய பாலத்தின் மீது விழாமல் மெதுவாக ஓட்டுவது வெறும் வித்தையன்று. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது சமநிலை இழக்காமல் இருக்க அதுவே உதவும். கூம்புகளுக்கிடையே வளைந்து ஓட்டிப் பழகியவர் திடீரெனத் தென்படும் குழியைப் பதறாமல் விலக்குவார். பதறாத காரியம் சிதறாது அல்லவா?

உரிமமின்றி ஓட்டுவதை இன்னும் சில குடும்பங்கள் பெரிதாக எண்ணுவதில்லை. ‘பக்கத்துக் கடைக்குத்தானே!’ என்று சொல்லிப் பெற்றோரே சாவியைக் கொடுத்துவிடுகின்றனர். பயிற்சிக் கட்டணம் எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று என்பதும் உண்மைதான். ஆயினும், உரிமமின்றி ஓட்டுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீடும் கிடைக்காமல் போகலாம். அன்று குடும்பம் சுமக்கும் செலவோடு ஒப்பிட்டால், பயிற்சிக் கட்டணம் சிறு தொகையே.

தேர்வில் தேறியவுடன் கற்றல் முடிந்துவிடுவதில்லை. பயிற்சித் திடலில் லாரிகள் இல்லை, அவசரக்காரர்களும் இல்லை. லாரி ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் நீண்ட நேரம் செல்லக்கூடாது என்பதைச் சாலையில்தான் நடைமுறைப்படுத்த வேண்டும். புதியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தகுதிகாண் உரிமமான ‘பி’ உரிமம் வழங்கப்படுவதன் பொருளும் இதுவே. அக்காலத்தில் அவர் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

நம் நாட்டில் தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலும், பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுதல் 1992ஆம் ஆண்டிலும் கட்டாயமாக்கப்பட்டன. இரண்டும் உயிர் காக்க வந்த விதிகள். ஆனால், வாரை மாட்டாமல் தலையில் கவிழ்த்த கவசம் விபத்தின்போது கழன்று விழும். காவலருக்காக அணிபவர் வாரை மறக்கலாம். தம் உயிருக்காக அணிபவர் மறக்கமாட்டார்.

எனவே, இளையோர் ஒவ்வொரு விதியையும் அதன் காரணத்தோடு கற்க வேண்டும். பெற்றோர் உரிமம் இல்லாத பிள்ளையிடம் சாவியைத் தரக்கூடாது. தேர்வு அதிகாரி சில நிமிடங்களே கவனிப்பார். சாலையோ ஒவ்வொரு நாளும் சோதிக்கும். அந்தச் சோதனைக்குத் தயாராவதே உண்மையான பயிற்சி.