பெட்டகம் மாற்றும் சுதந்திரம்

வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி, வருமான வரி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மின்னஞ்சல் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடக் காரியங்கள் யாவும் ஒவ்வொரு கடவுச்சொல்லின் பின்னே போய் நின்றுவிட்ட இந்தக் காலத்தில், அத்தனை சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் யாதொரு துணையுமின்றி மனிதனுடைய ஞாபகசக்தியின் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சுமையைத் தாங்க இயலாமல்தான் சாமானியர்கள் பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து ஒரு சொல்லை உண்டாக்கி, அதையே எல்லா இடங்களிலும் உபயோகிக்கிறார்கள். அல்லது டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள். இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ பழிப்பது நியாயமாகாது. மனித இயற்கைக்குப் பொருந்தாத ஒரு கடமையை விதித்தவர்களே அதற்குப் பொறுப்பாளிகள்.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டு உபயோகிப்பதற்கான அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய சகாக்களும் உருவாக்கியபோது, ஒருவருடைய கோப்பு மற்றவர் கண்ணில் படாதிருக்கும் பொருட்டு ஆளுக்கொரு கடவுச்சொல்லை ஏற்படுத்தினார்கள். ஒரு மனிதருக்கு ஒரு சொல் என்றிருந்த வரையில் அது போதுமான ஏற்பாடாகவே இருந்தது. ஒரு மனிதருக்கு நூறு சொல் என்று அது பெருகிவிட்ட பிறகு, 2014-ல், அந்த நிலைமையை ஒரு துர்ச்சொப்பனம் என்றே கோர்பாட்டோ வருணிக்க நேர்ந்தது.

ஒரே சொல்லைப் பல இடங்களில் வைப்பதிலுள்ள அபாயம் இன்னதென்று தெளிவாக உணர வேண்டும். நாம் என்றோ ஒருமுறை சேலை வாங்கிய ஒரு சிறு இணையக் கடையிலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் களவு போனால், அங்கே நஷ்டமாவது அற்பமாக இருக்கலாம். ஆனால் அந்தத் திருடர்கள் அதே மின்னஞ்சல் முகவரியையும் அதே கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு வங்கி, மின்னஞ்சல், சமூக ஊடகம் என்று ஒவ்வொரு வாசலிலும் இயந்திரத்தின் வேகத்தோடு முயன்று பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இணையதளத்தில் தமது முகவரியை இட்டுப் பார்ப்பவர்களில் பலர், தாம் மறந்தேபோன ஏதோ ஒரு கணக்கிலிருந்து தம் விவரங்கள் வெளியேறியிருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே பாஸ்வேர்டு மேனேஜர் என்று வழங்கும் கடவுச்சொல் பெட்டகம். ஒவ்வொரு தளத்திற்கும் யாராலும் ஊகிக்க முடியாத தனிச் சொல்லை அதுவே உண்டாக்கி, சங்கேத வடிவில் பூட்டி வைத்துக்கொள்கிறது. நாம் ஞாபகத்தில் வைக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல் ஒன்றே. நேர்மையாக அமைக்கப்பட்ட பெட்டகத்தில் பூட்டுவதும் திறப்பதும் நம் சாதனத்திலேயே நடைபெறுவதால், பெட்டகத்தை நடத்தும் ஸ்தாபனமே விரும்பினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க இயலாது. வங்கியின் தளத்தைப் போலவே வேஷமிட்டு வரும் போலித் தளத்தில் மனிதக் கண் ஏமாறக்கூடும்; முகவரி மாறியிருப்பதைக் கண்டுகொண்ட பெட்டகமோ அங்கே கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாமல் நின்றுவிடும். இந்த ஒரு குணத்திற்காகவே இதை ஒவ்வொரு வீட்டுக்கும் சிபாரிசு செய்யலாம்.

ஆயினும், எந்தப் பெட்டகம் என்ற கேள்வி எழும்போது, நம் வீடுகளின் யதார்த்தத்தை மனத்தில் கொள்ள வேண்டும். தகப்பனாரின் கையில் ஆண்ட்ராய்டு கைபேசி, அலுவலகத்தில் விண்டோஸ் கணினி, மகளிடம் ஐபோன், மேஜையில் ஒரு டேப்லெட் என்று பலவகைச் சாதனங்கள் ஒரே குடும்பத்தில் புழங்குகின்றன. கூகுள் தன் குரோம் உலாவியிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெட்டகத்தை இலவசமாகவே தருகிறது. ஆப்பிளோ வெகுகாலமாக உள்ளுக்குள் வைத்திருந்ததை 2024 செப்டம்பரில் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற தனிச் செயலியாக்கியது. இரண்டும் சௌகரியமானவை, முதல் அடியாக இவற்றை எடுத்துக்கொள்வதில் தவறொன்றுமில்லை. ஆனால் கைபேசியை விற்ற ஸ்தாபனமே பெட்டகத்தையும் வைத்திருக்கும்போது, அடுத்த கைபேசியையும் அதே ஸ்தாபனத்திடம்தான் வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் மெல்ல மெல்ல உருவாகிவிடுகிறது. ஐபோனில் பல வருஷங்களாகச் சேர்த்த சொற்களை வைத்திருப்பவர், ஆப்பிளின் அந்தச் செயலி ஆண்ட்ராய்டில் கிடையாது என்பதைக் கைபேசி மாற்றும் நாளில்தான் உணருகிறார்.

கைபேசி வியாபாரத்தைச் சாராத சுயேச்சையான பெட்டகங்களும் இருக்கின்றன. 2016-ல் தோன்றிய பிட்வார்டன் தன் மூல நிரலை எவரும் பரிசோதிக்கும்படி வெளியிட்டிருப்பதோடு, எத்தனை சாதனங்களில் வேண்டுமானாலும் இலவசமாக உபயோகிக்க இடங்கொடுக்கிறது. கனடா நாட்டைச் சேர்ந்த ஒன்பாஸ்வேர்ட் சந்தா செலுத்துவோருக்கு மட்டுமே உரியது; தலைமைச் சொல்லோடு நம் சாதனத்திலேயே உண்டாகும் ஓர் இரகசியச் சாவியையும் அது சேர்த்துக்கொள்வதால், அதன் சேவையகத்திலிருந்து ஏதேனும் களவு போனாலும் திருடனுடைய வேலை கடினமாகிறது. ஜெர்மனியின் டொமினிக் ரைக்கல் 2003-ல் வெளியிட்ட கீபாஸ் வேறொரு மார்க்கத்தைக் காட்டுகிறது: எந்த ஸ்தாபனத்தையும் நம்பாமல், பூட்டிய கோப்பு ஒன்றை நாமே வைத்துக்கொள்வது. அதில் பூரண சுதந்திரம் உண்டு. அந்தக் கோப்பைச் சாதனத்துக்குச் சாதனம் கொண்டுசேர்க்கும் பிரயாசையும், நகலெடுத்துக் காக்கும் பொறுப்பும் முழுவதும் நம்முடையவையே.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்கள், இன்றைய சிறப்பு நாளைக்கு நிலைக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லாஸ்ட்பாஸ் ஒரு காலத்தில் கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த பெட்டகம். 2021 மார்ச் 16 முதல், இலவசமாக உபயோகிப்பவர்கள் கணினி, கைபேசி என்ற இரண்டு வகைகளில் ஏதேனும் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று அது விதித்தது. மறுவருஷம் இன்னும் பெரிய சங்கடம் நேர்ந்தது: வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே களவு போய்விட்டன என்பதை 2022 டிசம்பர் 22 அன்று அந்த ஸ்தாபனம் அறிவித்தது. கடவுச்சொற்கள் பூட்டப்பட்டிருந்தன என்றாலும், எந்தெந்தத் தளங்களில் ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. தலைமைச் சொல்லை ஊகிப்போரைத் தாமதப்படுத்துவதற்காகச் செய்யப்படும் கணித ஆவர்த்தனம் புதிய கணக்குகளில் 1,00,100 தடவையாக இருக்க, பழைய கணக்குகள் பலவற்றில் 5,000 அளவிலேயே விடப்பட்டிருந்தது. நெடுநாள் விசுவாசமாக இருந்தவர்களுக்கே பலவீனமான பூட்டு வாய்த்திருந்தது என்பது வேதனைக்குரிய விஷயம்.

களவு போவதால்தான் பெட்டகம் கைவிட்டுப் போகும் என்பதுமில்லை. மொஸில்லாவின் லாக்வைஸ் 2021 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் செயலியில் சேமித்திருந்த கடவுச்சொற்களை 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே பார்க்க முடியாதபடி நிறுத்தி, தன் எட்ஜ் உலாவிக்கு வரும்படி சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 28-ல் டிராப்பாக்ஸும் தன் பெட்டகத்தை மூடியது. இவை அனாமதேயமான சிறு நிறுவனங்களல்ல, உலகப் புகழ்பெற்றவை. ஆகவே, வாழ்நாள் முழுவதற்கும் ஒரே பெட்டகம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, என்றேனும் ஒருநாள் மாற நேரும் என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொள்வதுதான் விவேகம். நாம் வைத்திருக்கும் எல்லா வகைச் சாதனங்களிலும் அது இயங்குகிறதா, சேர்த்தவை யாவற்றையும் ஒரே தடவையில் வெளியே எடுக்க முடியுமா, சந்தா நின்றுபோனால் உள்ளே இருப்பவை நமக்குக் கிடைக்குமா, வெளியார் அதைப் பரிசோதித்திருக்கிறார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் திருப்தியான விடை தரும் பெட்டகமே என் அபிப்பிராயத்தில் தகுதியானது. விளம்பரத்தில் மின்னும் மற்ற அலங்காரங்கள் இரண்டாம் பட்சமானவை.

மாறுகிற காரியத்தை நிதானமாகச் செய்ய வேண்டும். பழைய பெட்டகத்திலிருந்து நாம் வெளியே எடுக்கும் கோப்பு பெரும்பாலும் சிஎஸ்வி என்ற சாதாரண அட்டவணையாக, பூட்டே இல்லாமல், எவரும் திறந்து படிக்கும் நிலையில் இருக்கும் என்பதை அநேகர் அறிவதில்லை. அதை மின்னஞ்சலில் அனுப்புவதும், வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்வதும், இ-சேவை மையத்திலோ அலுவலகத்திலோ உள்ள பொதுக் கணினியில் இறக்குவதும் பெரும் அபாயம். சொந்தக் கணினியில் எடுத்து, புதிய பெட்டகத்தில் ஏற்றி, எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று சரிபார்த்து, உடனே அழித்து, கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட வேண்டும். இணைத்து வைத்த கோப்புகளும் தனிக் குறிப்புகளும் சில சமயம் கூடவே வருவதில்லையாதலால் அவற்றைத் தனியே கவனிக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு சாதனத்திலும் தானாக நிரப்பும் வேலையைப் பழைய பெட்டகத்திடமிருந்து எடுத்துப் புதியதற்கு மாற்றாவிட்டால், புதிய சொற்கள் பாதி ஒன்றிலும் பாதி மற்றொன்றிலுமாகச் சிதறிப்போகும். வீடு மாறுகிறவர்கள் பால் காய்ச்சிய அன்றைக்கே பழைய வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிடுவதில்லை. அதுபோலவே பழைய பெட்டகத்தையும் ஒரு மாதமாவது வைத்திருந்து, குறையொன்றுமில்லை என்று நிச்சயமான பின்பே அந்தக் கணக்கை நீக்குவது நலம். களவு நேர்ந்ததன் காரணமாக வெளியேறுகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு கடமை உண்டு: திருடனிடம் போய்விட்ட நகல் நாம் இடம் மாறுவதால் மறைந்துவிடாதாகையால், மின்னஞ்சலில் தொடங்கி வங்கி, வைப்புநிதி என்ற வரிசையில் கடவுச்சொற்களையே மாற்றியாக வேண்டும்.

குடும்பஸ்தர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வரவு செலவு அனைத்தையும் கவனித்துவந்த ஒருவர் திடீரென்று படுக்கையில் விழுந்தாலோ காலமானாலோ, தலைமைச் சொல் அவரோடேயே மறைந்துவிட, மனைவி மக்கள் ஒவ்வொரு அலுவலகமாக அலைய நேர்கிறது. ஆபத்துக் காலத்தில் நம்பிக்கையான ஒருவர் திறக்கும்படியான வசதி சில பெட்டகங்களில் உண்டு. இல்லாத பட்சத்தில், தலைமைச் சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, உயில் இருக்கும் இடத்தில் வைப்பது தற்காலத்துக்கும் உகந்த ஏற்பாடே.

கடவுச்சொல்லே இல்லாமல் கைரேகையாலும் முகத்தாலும் நுழையும் பாஸ்கீ என்ற முறையை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் கூட்டாக ஆதரித்தன. போலித் தளங்களை முறியடிப்பதில் அது மிகவும் மேலானது. ஆனால் பாஸ்கீயை ஒரு சாதாரண அட்டவணையில் எழுதி எடுத்துச் செல்ல இயலாது; ஆகவே பெட்டகத்துக்குப் பெட்டகம் அதைப் பத்திரமாகக் கொண்டுசெல்லும் பொது நியமம் ஒன்று அவசியமாயிற்று. பாஸ்கீ நியமங்களை வகுக்கும் ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் அதற்கான வரைவை வெளியிட்டது. 2025-ல் வந்த ஐபோனின் ஐஓஎஸ் 26 இயங்குதளம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எல்லாப் பெட்டகங்களும் ஏற்கும் நாள் விரைவில் வர வேண்டும்.

அந்த நாளை ஸ்தாபனங்களின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது. கைபேசி எண்ணை மாற்றாமலே சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நமக்குக் கிடைத்தது. எண்ணைப் பிணையாக வைத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வழக்கம் அதோடு ஒழிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20-வது பிரிவு, தன் விவரங்களை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லும் உரிமையை 2018 முதல் அங்குள்ள மக்களுக்கு அளிக்கிறது. நம் நாட்டிலும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் அளித்த வரைவிலும், 2019-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் இவ்வுரிமை இடம்பெற்றிருந்தது. 2023-ல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ அது விடுபட்டுப் போயிற்று. எண்ணுக்குக் கொடுத்த உரிமையை, அந்த எண்ணைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு அந்தரங்கமான செல்வத்துக்கு மறுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சட்டம் இயற்றுவோர் அந்த ஷரத்தைத் திரும்பவும் சேர்க்க வேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திராமல், இந்த வாரத்திலேயே ஒரு பெட்டகத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனித்தனிக் கடவுச்சொற்களை அமைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டகத்தையும் ஏற்பதற்கு முன்பாக அதிலிருந்து வெளியேறும் வழி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியேற வழிவிடாத பெட்டகம் எத்தனை உறுதியானதாயினும், எத்தனை மலிவானதாயினும், நம் இரகசியங்களை ஒப்படைக்கத் தக்கதன்று.