மாத்திரையை நிறுத்துவது தவக்குல் அன்று



“இருமல் நின்றுவிட்டது, இனி அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று கூறி, காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திய ஒருவரை நான் அறிவேன். சுற்றியிருந்தோர் அவரது ஈமானை மெச்சினர். சில மாதங்களில் இருமல் திரும்பியது. இம்முறை அவருடைய மகளும் சேர்ந்து இருமினாள்.

மார்க்கம் போதிப்பவன் என்ற முறையில் கூறுகிறேன்: அது தவக்குல் அன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்?

நுரையீரல் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள். முதல் 2 மாதங்களில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் சேர்ந்து, வேகமாகப் பெருகும் கிருமிகளை அழிக்கின்றன. இருமல் அடங்குவது இதனால்தான். ஆனால் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் எஞ்சியிருக்கும். அவற்றை ஒழிக்கவே அடுத்த 4 மாதங்கள். இடையில் நிறுத்தினால் நோய் மீளலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தலையெடுக்கலாம். அவை வீட்டாரையும் தொற்றும். தன் நோயைப் பிறர்மீது சுமத்த எவருக்கு உரிமை உண்டு?

“நல்ல ஊட்டமும் ஓய்வும் போதும்” என்போர் சென்னையின் வரலாற்றை அறியட்டும். 1956இல் இங்குத் தொடங்கிய ஆய்வில் ஒரு பிரிவினர் மருத்துவமனையிலும், மற்றொரு பிரிவினர் நெரிசலான ஏழை வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோருக்கு ஊட்டமும் ஓய்வும் குறைவு. எனினும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளியான அம்முடிவு, காக்கும் முதற்பொருள் முறையான மருந்தே என உலகிற்கு உணர்த்தியது.

சிறுநீர் சிவந்தால் அஞ்சாதீர்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ரமலானில் மாத்திரையை விடாதீர்கள். நோயாளி நோன்பைப் பின்னர் நோற்க அல்லாஹ்வே சலுகை அளித்துள்ளான். ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அன்று. மகளின் நிக்காஹ் தடைபடும் என்று நோயை மறைக்காதீர்கள். மறைப்பது மானத்தைக் காக்காது, நோயைத்தான் வளர்க்கும்.

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதனை அலட்சியத்தால் இழப்பவர் என்ன பதில் சொல்வார்?

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.