வீட்டுப் பட்டறை: கடல்நீர்த் தொட்டிக்கு எந்தப் பம்பு?

கெடா மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. சேர்த்து வைத்த பணத்தில் மூன்றடிக் கடல்மீன் தொட்டி ஒன்றைப் பழையதாக வாங்கி வந்துவிட்டார். கீழ்த்தொட்டி இருக்கிறது, பம்பு மட்டும் இல்லை. கடையில் பெரிய பம்பையே காட்டுகிறார்களாம். "கரண்டுக் காசு என்ன ஆகும்? வீட்டில் பேரப்பிள்ளைகள் தவழுகிறார்கள், தண்ணீரும் கரண்டும் ஒன்றாய் இருக்கலாமா? வேண்டாம் என்று தடுக்கவும் மனம் வரவில்லை" என்று கேட்கிறார்.

தடுக்க வேண்டாம், சகோதரி. குடியும் சூதும் இல்லாமல், வேலை முடிந்து வந்து ஒரு தொட்டியின் முன்னால் உட்காரும் பிள்ளை வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் மிகச் சரியானவை. பம்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

பம்பின் வேலை என்ன?

மேல்தொட்டியில் மீனும் பவளமும் இருக்கும். அங்கே நிறையும் நீர் வழிந்து, குழாய் வழியாகத் தானாகவே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே அழுக்கு நீங்கிச் சுத்தமான நீரை மறுபடி மேலே ஏற்றுவதுதான் இந்தப் பம்பின் வேலை. கடையில் இதை 'ரிட்டர்ன் பம்ப்' என்பார்கள். இரவும் பகலும் ஓட வேண்டியது இது. ஆகவே வாங்கும் விலையைவிட, ஓட்டும் செலவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும்?

மூன்றடித் தொட்டி என்றால் சுமார் 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 182 லிட்டர் வரும். மணிக்கு அதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீர் சுற்றி வந்தால் போதும். அதாவது 550 முதல் 900 லிட்டர் வரை. பவளத்துக்கு நல்ல நீரோட்டம் வேண்டும் என்பது உண்மைதான். அதை மேல்தொட்டிக்குள்ளேயே ஒட்டிவைக்கும் சிறிய 'வேவ்மேக்கர்' குறைந்த கரண்டில் செய்துவிடும். அந்த வேலைக்காகப் பெரிய பம்பு வாங்குவது வீண் செலவு.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பலாமா?

கூடாது. சமதரையில் இரண்டு மூட்டை சுமக்கிறவர், மலைச்சரிவில் ஏறும்போது அதே வேகத்தில் போக முடியுமா? பம்பும் அப்படித்தான். பெட்டியில் '2000 லிட்டர்' என்று போட்டிருந்தால், அது நீரை ஏற்றாமல் சமமாகத் தள்ளும்போது உள்ள கணக்கு. உயரம் ஏற ஏற நீர் குறையும். அதே பெட்டியில் 'அதிக உயரம் 2.4 மீட்டர்' என்று இருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது என்று பொருள்.

உங்கள் வீட்டு உயரத்தை அளப்பது சுலபம். கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து, மேலே நீர் கொட்டும் குழாய் வாய் வரை நாடாவால் அளக்க வேண்டும். 80 செ.மீ. மேசையில் வைத்த மூன்றடித் தொட்டிக்கு இது ஒரு மீட்டர் அளவுக்கு வரும். வளைவுக் குழாய்களில் உரசும் நட்டத்துக்காக இன்னும் 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இந்த 1.3 மீட்டரில், மேலே சொன்ன 2000 லிட்டர் பம்பு ஏறக்குறைய பாதியைத்தான் ஏற்றும். நமக்கு வேண்டியதும் அதுதான். நல்ல கம்பெனிப் பெட்டிகளில் உயரத்துக்கு எவ்வளவு நீர் என்று வளைகோட்டுப் படம் இருக்கும். அதைப் பார்த்து வாங்குவதே நிச்சயம்.

பொருத்திய பிறகு ஒரு சோதனை. 10 லிட்டர் வாளியை மேல்குழாயில் பிடித்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 36,000-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது தெரியும். 40 விநாடி என்றால் 900 லிட்டர். நீர் அதிகமாக இருந்தால் பம்புக்கு மேலே செல்லும் குழாயில் வால்வு வைத்துக் குறைக்கலாம். நீர் உள்ளே இழுக்கும் பக்கத்தை மட்டும் அடைக்கக் கூடாது.

கரண்டுக் காசு

30 வாட் பம்பு மாதம் முழுவதும் ஓடினால் சுமார் 22 யூனிட். 80 வாட் பம்பு என்றால் 58 யூனிட். வித்தியாசம் மாதம் 36 யூனிட்! இன்னொரு கேடும் உண்டு. நீருக்குள் மூழ்கி ஓடும் பம்பின் சூடு முழுவதும் நீரில்தான் இறங்கும். பவளத்துக்கு 24 முதல் 27 பாகை வரை உகந்தது. நம் ஊர் வெக்கையில் அதற்குள் வைப்பதே பெரும்பாடு. 2010-ஆம் ஆண்டில் கடல்நீர் அளவுக்கு மேல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போனபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் சில இடங்களில் முக்குளிப்பதையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால் மூன்றடித் தொட்டி எம்மாத்திரம்? ஆகவே சூடு குறைந்த, வாட் குறைந்த பம்பே நல்லது. நீரின் மேல் சிறு மின்விசிறி காற்று வீசினாலும் சூடு தணியும். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத நல்ல நீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

டி.சி. பம்பு கரண்டைக் குறைவாக இழுக்கும், சத்தம் குறைவு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோ அடாப்டரோ பழுதானால் பம்பும் நின்றுவிடும். ஏ.சி. பம்பு சாதாரணமானது, உழைப்பாளி. எதை வாங்கினாலும் உள்ளே சுழலும் 'இம்பெல்லர்' தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

உப்புக்கு ஏற்ற பம்புதானா?

தோட்டத்துக் குளத்துக்கு விற்கும் மலிவுப் பம்புகளில் சிலவற்றில் உலோகத் தண்டு இருக்கும். உப்புநீர் அதை அரித்துவிடும். பித்தளையும் செம்பும் கலந்த இணைப்புகளைத் தொடவே வேண்டாம். செம்பு கரைந்தால் இறாலும் பவளமும் மடியும். பீங்கான் தண்டு, பிளாஸ்டிக் உடல், கடல்நீருக்கு ஏற்றது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

மழை இடித்துக் கரண்டு போனால்?

இதுதான் பலர் வீட்டில் தரை நனையும் நேரம். பம்பு நின்றதும், மேல்குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், நீர் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கும். மூன்றடித் தொட்டியில் ஒரு செ.மீ. நீர் இறங்கினால் அது 4 லிட்டர். ஐந்து செ.மீ. இறங்கினால் 20 லிட்டர் தரையில்! ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள். திரும்பும் நீரைத் தாங்கக் கீழ்த்தொட்டியில் இடம் விடுங்கள். தடுப்பு வால்வை மட்டும் நம்ப வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் படிந்து ஒருநாள் மூடாமல் போகும். முதல் நாளே சுவிட்சை அடைத்துப் பார்த்துவிடுங்கள்.

நீரோட்டம் நின்றால் மீனுக்குக் காற்றும் குறையும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். கீழ்த்தொட்டி நீர் வற்றிவிடாமலும் தினமும் பார்க்க வேண்டும். நீரில்லாமல் ஓடினால் பம்பு கெட்டுவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீடு

இதில் சிக்கனம் கூடாது. 30 மில்லியம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு இல்லாத சாக்கெட்டில் பம்பைச் செருகாதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய லயத்து வீட்டு வயரிங் என்றால் முழுவதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட் தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். வயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிறகு சாக்கெட்டுக்கு ஏறட்டும், அப்போது வயரில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அடைக்க வேண்டும். கீழ்த்தொட்டி வைத்த அலமாரிக்குக் கதவும் பூட்டும் போடுங்கள்.

பராமரிப்பு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினிகரும் நீரும் கலந்து சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் படிந்த சுண்ணாம்பு போய்விடும். சோப்பு வேண்டாம்.

பவளம் வேண்டுமானால் முறையாக விற்கும் கடையில், வளர்த்து வெட்டிய சிறு துண்டாக வாங்குங்கள். பாயார், ரெடாங் போன்ற கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

சகோதரி, உங்கள் மகன் கடைக்குப் போகும்போது நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். தொட்டி 182 லிட்டர். மணிக்கு வேண்டிய நீர் 550 முதல் 900 லிட்டர். ஏற வேண்டிய உயரம் 1.3 மீட்டர். கரண்டு 30 வாட்டுக்கு அருகில். அளந்து பார்த்தபின் அளவு மாறினால் எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தாள் கையில் இருந்தால், பெரிய பம்பைக் காட்டுகிறவரிடம் "எனக்கு இவ்வளவு போதும்" என்று தயங்காமல் சொல்லலாம். மிச்சப்படும் பணத்தில் முதலில் ஆர்.சி.டி.யை வாங்கச் சொல்லுங்கள். மீன் பிறகு வரட்டும்.