நகைப்போடு நின்ற திறனாய்வு

1974இல் வெளிவந்த ‘ஏர்போர்ட் 1975’ என்னும் ஆங்கிலப் படம், 1970இல் வந்த ‘ஏர்போர்ட்’டின் தொடர்ச்சியாகும். சிறு விமானமொன்றை ஓட்டிவந்தவர் மாரடைப்பால் சாய, அது பயணிகள் நிறைந்த போயிங் 747இன் முகப்பில் மோதுகிறது. விமானிகளுள் இருவர் மாள்கின்றனர். தலைமை விமானி பார்வையிழக்கிறார். பணிப்பெண் ஒருத்தி தனியளாய் விமானத்தைச் செலுத்துகிறாள். இறுதியில் சார்ல்டன் ஹெஸ்டன் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி வந்து அனைவரையும் காக்கிறார்!

திறனாய்வாளர் சும்மா விடுவரோ? பாலின் கேல் கடுமையாகச் சாடினார். ரோஜர் ஈபர்ட் சற்றே இரக்கம் காட்டினார். கிதாருடன் பாடும் கன்னித்துறவியும் சிறுநீரக நோயாளிச் சிறுமியும் நகைப்புப் பொருளாயினர். 1980இல் வந்த ‘ஏர்ப்ளேன்!’ அவர்களையே பகடி செய்து உலகைச் சிரிக்க வைத்தது. எழுதிய திறனாய்வுகளினும் கூரிய திறனாய்வு அப்பகடியே எனலாம்.

நகைத்தது தவறன்று. ஆயின், ‘இப்படியும் நடக்குமா?’ என்று கேட்டு நகைத்தவர்கள், ‘எப்படித்தான் நடக்கிறது?’ என்று கேட்டார்களா? விடை கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடக்கிறது. 1977 செப்டம்பர் 27ஆம் நாள், சுபாங் விமான நிலையத்தை நோக்கி மோசமான வானிலையில் இறங்கிய ஜப்பான் விமானம் தோட்டப்புறக் குன்றில் மோதியது. அதிலிருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுமுன்பே, அனுமதித்த உயரத்திற்குக் கீழே இறங்கியதே காரணம். அங்கே தீயவன் இல்லை. கயிற்றில் வந்த வீரனும் இல்லை. மீறப்பட்ட விதி ஒன்றே இருந்தது. அதே ஆண்டில் வந்த மூன்றாம் படமோ, கடலடியில் மூழ்கிய விமானத்துக்குள் பயணிகளை உயிரோடு வைத்து வேடிக்கை காட்டியது. காரணத்தை மறைத்து வீரனைக் காட்டுவதே இவற்றின் பெருங்குற்றம்.

ஆங்கிலப் படத்தை எள்ளும் தமிழாசிரியருக்கும் ஒரு கேள்வி. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒற்றைக் கையால் பத்துப் பேரை வீழ்த்தும் தமிழ்த் திரை நாயகனுக்குக் கைதட்டிவிட்டு, மறுநாள் வகுப்பில் ஹெஸ்டனைக் கேலி செய்வது என்ன நேர்மை? ‘கதை நன்று, நடிப்பு நன்று, பாடல் இனிது’ என்று எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. “வானில் விமானத்தைத் தாங்கி நின்றவள் அந்தப் பெண், புகழ் மட்டும் கயிற்றில் வந்தவனுக்கு ஏன்?” என்று ஒரு மாணவி எழுதினால், அந்த ஆசிரியர் எத்தனை மதிப்பெண் இடுவார்?