எலிக்கு வந்தால் பெண்ணுக்கும் வருமா?

“லெட்ரோசோல் மருந்து கொடுத்த எலிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வந்தது, அதையே குழந்தைக்கு ஏங்கும் பெண்ணுக்குக் கொடுக்கலாமா?” ஊரெங்கும் பரவிவிட்ட வாதம் இது. சோதனை உண்மை. முடிவு தவறு.

1. அளவு: எலிக்குக் கிலோவுக்கு 1 மி.கி. 50 கிலோ பெண்ணுக்கு வழக்கமாக மொத்தமே 2.5 மி.கி. எடைக்கு எடை 20 மடங்கு வித்தியாசம்.

2. காலம்: எலிக்குத் தொடர்ந்து 21 நாள், அதன் சினைச்சுழற்சியே 4, 5 நாள்தான். பெண்ணுக்கு ஒரு மாதச் சுழற்சியில் 5 நாள்.

3. விளைவு: இந்த மருந்தால் ஈஸ்ட்ரோஜன் சில நாள் குறைந்தால் பிட்யூட்டரி தூண்டப்பட்டுக் கருமுட்டை வளர்கிறது. வாரக்கணக்கில் தடுத்தால் ஆண் ஹார்மோன் தேங்குகிறது. முட்டை முதிராமல் கட்டியாகிறது.

4. “2011இல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு அரசே தடை விதித்ததே?” 2017இல் நீக்கியதை ஏன் மறைக்கிறீர்கள்?

2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீர்க்கட்டிப் பிரச்சினையுள்ள 750 பெண்களில் குழந்தை பெற்றோர்: லெட்ரோசோலில் 27.5%, இன்னொரு குழந்தைப்பேறு மருந்தான குளோமிஃபீனில் 19.1%. எலியை நம்பும் நீங்கள் பெண்களை ஏன் நம்பவில்லை? மருத்துவர் எழுதிய மாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?