‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ – சரி, போவதற்குப் பேருந்து எங்கே?



ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாம் ஆண்டுப் பதிவு முடிந்ததும் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான். “இந்த வருசம் நாலு பிள்ளைங்கதான் டீச்சர்” என்று ஒருவர் தொடங்குவார். “பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை, இனப்பற்று இல்லை” என்று இன்னொருவர் முடித்து வைப்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டவள்தான். பயிற்சிக் கல்லூரிக் காலத்திலேயே மேடையேறி இதையே முழங்கியவள். அந்தப் பேச்சை இப்பொழுது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

என் வகுப்பில் ஒரு மாணவன் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். தந்தையை அழைத்துக் கேட்டேன். வேன் கட்டணம் கட்ட முடியவில்லை என்றும், மோட்டார் சைக்கிள் பழுது என்றும் சொன்னார். “அப்படியானால் பேருந்தில் அனுப்புங்கள். நாங்களெல்லாம் பேருந்தில்தானே படித்தோம்?” என்று சற்றுக் கடுமையாகவே கூறினேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க ஒரு தடவை பஸ்ல வந்து பாருங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

அதனால் கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் மகிழுந்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, மூன்று நாள், தனியாக, உள்ளூர்ப் பேருந்துகளில் பேராக்கின் சிறு பட்டணங்களுக்குப் போய் வந்தேன். முதல் நாள் சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார். இரண்டாம் நாள் பத்து காஜா. மூன்றாம் நாள் கோப்பெங், கம்பார். உறவினர்கள் சிரித்தார்கள். “பொம்பளப் பிள்ள தனியா பஸ்ல எதுக்கு?” என்றார் அக்காள். நாற்பதைத் தாண்டிய என்னை இன்னும் பொம்பளப் பிள்ளை என்கிறாரே என்று உள்ளூர மகிழ்ந்ததையும் மறைக்கவில்லை!

நெடுந்தூரப் பேருந்துகள் 2012ஆம் ஆண்டிலேயே ஈப்போ நகருக்கு வெளியே அமான்ஜெயா முனையத்திற்குப் போய்விட்டன. உள்ளூர்ப் பேருந்துகள் மட்டும் மேடான் கிட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அங்கே நின்றிருந்தவர்களைப் பார்த்தேன். மருத்துவமனையில் கண் காட்டிவிட்டுத் திரும்பும் முதியவர்கள், காய்கறிக் கூடையோடு ஒரு சீன மூதாட்டி, வங்காளதேசத் தொழிலாளர்கள், சீருடை அணிந்த இரண்டு இடைநிலைப்பள்ளி மாணவியர். மூன்று நாளில் ஓர் ஆசிரியரைக்கூட நான் காணவில்லை. எப்படிக் காண்பேன்? எங்கள் மகிழுந்துகளுக்குத்தான் பள்ளித் திடலிலேயே நிழற்கூரை போட்டிருக்கிறோமே.

சுங்கை சிப்புட் செல்லும் வழியில் என் அருகில் ஒரு பாட்டி அமர்ந்தார். தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்ட பிறகு மகனோடு பட்டணத்து மலிவுவிலை வீட்டில் குடியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன். நடந்து போகும் தூரத்திலுள்ள தேசியப்பள்ளியில் என்றார். ஆசிரியை அல்லவா, உடனே என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன் பாட்டி, தமிழ்ப்பள்ளி இல்லையா?” என்றேன்.

“பள்ளிக்கூடம் தோட்டத்துலயேதான் இருக்கும்மா. நாங்கதான் அங்க இல்ல” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தக் கருத்தரங்கிலும் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

சற்று வரலாற்றைப் பார்ப்போம். இந்தப் பள்ளிகள் ஏன் காட்டுக்குள் இருக்கின்றன? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட முதலாளியின்மேல் சுமத்தியது. பெரும்பாலான தோட்டங்களில் அது ஒரு கொட்டகைதான். கிராணியோ கங்காணியோ வாத்தியாராக இருந்தார். அந்தக் கல்வியின் தரத்தை நான் போற்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை இருக்கும் இடத்திற்குப் பள்ளி வந்தது. காலைப் பிரட்டு முடிந்து தாயும் தந்தையும் மரம் வெட்டப் போனால், பிள்ளை லயத்திலிருந்து நடந்தே வகுப்புக்குப் போனது. போக்குவரத்து என்ற கேள்வியே அன்று எழவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று பங்கு சேர்த்தது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். அவரால் சில தோட்டங்களைக் காக்க முடிந்தது. எல்லாவற்றையும் யாரால் காக்க முடியும்? பின்னாளில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் வெளியேறினார்கள். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. பேராக்கில்தான் அதிகம், 130க்கும் மேல். அவற்றுள் பல இன்னமும் அந்தப் பழைய தோட்டத்து மண்ணிலேயே நிற்கின்றன. சில பள்ளிகளைப் பட்டணத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒன்றை மாற்றப் பல ஆண்டு பிடிக்கிறது. எஞ்சியவற்றில் மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டாவிட்டால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். 30க்கும் கீழே போனால் இரண்டு வகுப்புகளை ஓர் அறைக்குள் சேர்த்துவிடுகிறோம். பிறகு பெற்றோரைப் பார்த்து, ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று பதாகை கட்டுகிறோம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் பள்ளியில் வேன் கட்டணம் ஒரு பிள்ளைக்கு மாதம் 120 ரிங்கிட். மூன்று பிள்ளைகளுக்கு 360. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 ரிங்கிட் ஆனது. ஐந்தில் ஒரு பங்கைவிட அதிகமாக வேனுக்கே போகிறது. வாடகையும் அரிசியும் பாலும் மீதியில். வீட்டுக்குப் பக்கத்தில் நடந்து போகும் பள்ளி இருக்கும்போது அந்தத் தாய் என்ன செய்வார்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மூன்றாம் நாள், ஒரு சிறு பட்டணத்தில் – பெயர் வேண்டாம் – மாலை நேரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நிறுத்தத்திலிருந்த கால அட்டவணை வெயிலில் வெளுத்து, எண்களே தெரியவில்லை. எதிர்க்கடை அண்ணன், “முந்தி அரைமணிக்கு ஒண்ணு ஓடும்மா. இப்ப வந்தாத்தான் வண்டி” என்றார். நிறுத்தத்தில் விளக்கில்லை. இருட்டத் தொடங்கியது. இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் அஞ்சினேன் என்பதே உண்மை. மூன்று நாளிலும் பேருந்துக்குள் எனக்கு அச்சமே தோன்றவில்லை. ஓட்டுநர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். வராத பேருந்துக்காகக் காத்து நின்ற இடத்தில்தான் அச்சம் வந்தது. தனியே போகும் பெண்ணுக்குப் பேருந்து ஆபத்து என்போர் இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

“பேருந்தில் அனுப்பினால் விபத்து நேர்ந்தால்?” என்பது பெற்றோரின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. 2025 சூன் 9ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. செய்தி அறிந்து எங்கள் ஆசிரியர் யாருக்கும் பேச்சே எழவில்லை. ஆனால் அது இரவில் மலைச்சாலையில் ஓடிய வாடகைப் பேருந்து. பட்டணத்துக்குப் பட்டணம் நின்று நின்று போகும் உள்ளூர்ப் பேருந்து அன்று. மேலும், இந்நாட்டுச் சாலைகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பேருந்து இல்லாத ஊரில் பிள்ளை எதில் வருகிறது? காலையில் பள்ளி வாயிலில் நின்று பாருங்கள். தந்தைக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு, கைப்பிடியில் தொங்கும் புத்தகப்பைகள், தலைக்கவசம் தந்தைக்கு மட்டும்! பேருந்தை நிறுத்தியவர்கள் பயணத்தை நிறுத்திவிடவில்லை. அதைக் கப்சாய் வண்டியின்மேல் ஏற்றிவிட்டார்கள்.

இனி, “ஆளே ஏறுவதில்லை, எப்படி ஓட்டுவது?” என்ற வாதம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாணவர் இல்லை, ஆகவே பள்ளி வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் நாம் கொதித்து எழுகிறோம். அறிக்கை விடுகிறோம், மகஜர் கொடுக்கிறோம். அதே வாதத்தைப் பேருந்துக்குச் சொன்னால் மட்டும் “வியாபாரம் அப்படித்தான்” என்று தலையாட்டுகிறோம்! பயணிகள் குறைவு என்று நடையைக் குறைத்தால், நம்ப முடியாத வண்டியை நம்பி யார் காத்திருப்பார்? பயணிகள் இன்னும் குறைவார்கள். குறைந்த மாணவர் பள்ளியில் நாம் கண்கூடாகக் காண்பதும் இதேதான்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பயணிகள் எத்தனை பேர் என்று பாராமல், ஓடும் தூரத்திற்கு அரசே பணம் கொடுத்துப் பேருந்து நிறுவனத்தை அமர்த்தும் முறை 2015இல் சிரம்பானில் தொடங்கிற்று. பிறகு ஈப்போவுக்கும் வந்தது. ஈப்போ நகர மக்களுக்கு அதனால் நன்மைதான். ஆனால் பெருஞ்சாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோட்டத்துப் பள்ளிக்கு அந்த வண்டி திரும்புமா? திரும்ப வேண்டும் என்று நம்மில் யாராவது கேட்டோமா? மண்டபம் கேட்டோம். கணினி கேட்டோம். தரைக்கு வழவழப்புக் கல் கேட்டோம். எல்லாம் கிடைத்தன. பள்ளி வாரியங்களின் மனுக்களில் ‘பேருந்து’ என்ற சொல்லை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

எங்கள் கல்விச் சுற்றுலாவையும் சொல்ல வேண்டும். பத்து காஜா அருகேயுள்ள கெல்லி கோட்டைக்கு ஆண்டுதோறும் குளிர்சாதன வாடகைப் பேருந்தில் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். வில்லியம் கெல்லி ஸ்மித்தின் மாளிகை, அதைக் கட்ட வந்த தமிழர்கள் நோயில் மடிந்தது, அவர்களுக்காக எழுப்பிய மாரியம்மன் கோவில் எல்லாம் சொல்கிறோம். நல்லதே. ஆனால் திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தாத்தாவைப் பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்துக் கையசைக்கிறார்கள். ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “டீச்சர், அந்தப் பஸ்ல யாரு வேணும்னாலும் ஏறலாமா?” என்று கேட்டாள். அவளுக்கு வயது பதினொன்று.

விடுமுறை முடிந்ததும் இந்த மூன்று நாள் குறிப்புகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். ஒருவர், “டீச்சருக்குப் பொழுது போகல” என்றார், சிரிப்பும் எழுந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். பட்டணத்து வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறவர்.

“டீச்சர், காலைல ஏழு மணிக்கு முன்னாடி நம்ம சந்திக்கு ஒரு பஸ் வருமா? வந்தா என் தங்கச்சி பிள்ளையையும் இங்கயே சேர்ப்பா.”

நமது பள்ளி தொடங்குவது ஏழரைக்கு. முதல் பேருந்து சந்தியைக் கடப்பது ஏழு ஐம்பதுக்கு. வராது அம்மா என்றேன். அந்த ஏழு ஐம்பதை ஆறு ஐம்பதாக மாற்றக் கோரும் மனுவில் அன்று முப்பத்தோரு பெற்றோர் கையொப்பமிட்டனர். ஆசிரியர்கள் கையொப்பமிட வேண்டிய தாள் இன்னும் ஆசிரியர் அறை மேசைமேல்தான் கிடக்கிறது. இதுவரை அதில் ஐந்து பெயர்.