சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்!



சென்ற தை மாதம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் வரவேற்புக்கு முன்னால் மணமக்களைத் தென்னந்தோப்பில் நிறுத்திப் படம் எடுக்க ஏற்பாடு. பெண்ணுக்குத் துணையாக நானும் போனேன்.

மணி ஐந்து. மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. படம் பிடிக்க வந்த பையன், இருவரையும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னான். எனக்குப் பகீரென்றது.

"ஏன் தம்பி, வெளிச்சம் முகத்துல விழ வேண்டாமா? கறுப்பா விழுந்துடப் போகுதுப்பா!" என்றேன்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. என் கல்யாணம் 1979-ல் நடந்தது. அப்பாவும் நானும் கோயில் வாசலில் நிற்கிற ஒரே ஒரு படம் எடுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் பளீரென்று வெயில். பிரிண்ட் வந்தபோது பார்த்தால், இரண்டு பேர் முகமும் மை பூசினாற்போல இருந்தது. "நெகடிவ்லயே முகம் பதியலைம்மா" என்று ஸ்டூடியோக்காரர் கையை விரித்துவிட்டார். ஆறே மாதத்தில் அப்பா போய்விட்டார். நாங்கள் சேர்ந்து நிற்கிற வேறு படம் கிடையாது. தோளில் கிடக்கும் துண்டைக் காட்டித்தான், "இவர்தான் தாத்தா" என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா, நீங்க சொல்றபடியே ஒண்ணு எடுத்துப் பார்ப்போம்" என்று அவர்களைச் சூரியனைப் பார்க்கத் திருப்பினான். பெண்ணுக்குக் கண் கூசியது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்த குழந்தை! நெற்றி சுருங்கி, கண்ணில் நீர் வந்து, மை கரையத் தொடங்கியது. படத்தில் அழுமூஞ்சியாகத்தான் இருந்தாள். "உன் வழியிலேயே எடுப்பா" என்று ஒதுங்கிக்கொண்டேன்.

"தானா கணக்குப் போடுற காமிரா, மொத்த வெளிச்சத்தையும் பார்த்து நடுத்தரமா ஓர் அளவு வைக்கும்மா. பின்னால வெயில் ஜாஸ்தியா இருந்தா, வெளிச்சம் போதும்னு குறைச்சிடும். முகம் இருண்டுடும். அதனால முகத்தை மட்டும் அளந்து வைக்கணும், இல்லேன்னா ஒண்ணு, ஒண்ணரை ஸ்டாப் கூட்டி வைக்கணும். ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்" என்றான்.

"அப்போ வானம் வெளுத்துப் போகாதா?"

"போகட்டுமே! கல்யாணம் பொண்ணுக்குத்தானே, வானத்துக்கா?"

அன்று நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு உதவும்.

• அஸ்தமனத்துக்கு முந்தின ஒரு மணி நேரம் உத்தமம். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரிக்குள் இருக்கும். உச்சி வெயில் வேண்டாம்.

• நாலு முழ வெள்ளை வேஷ்டியை இரண்டு பேர் மணமக்களுக்கு எதிரே ஐந்தாறு அடி தள்ளி விரித்துப் பிடித்தால், அதில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் இதமாக விழும். கலர்த் துணி கூடாது. பச்சைச் சேலையைப் பிடித்தால் முகமும் பச்சை பூக்கும்!

• வெயில் நேரே லென்ஸில் விழுந்தால் படம் புகை மூட்டமாகிவிடும். தென்னை மரத்துக்குப் பின்னாலோ, மணமக்கள் தலைக்குப் பின்னாலோ சூரியன் மறையும்படி நின்று எடுக்க வேண்டும்.

• கண்ணாடி வழியாகப் பார்க்கிற காமிராவில் சூரியனை நேரே பார்க்கவே கூடாது. விழித்திரை கெட்டுவிடும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

• செல்போனில் எடுத்தால், திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வந்தால், அதை மேலே தள்ளுங்கள். முகம் தெளியும். ஜன்னலோரம் நிற்கிற உங்கள் குழந்தையை எடுக்கவும் இதே உபாயம்தான்.

படம் எப்படி வந்தது என்கிறீர்களா? கூந்தலின் ஓரமெல்லாம் பொன் இழையாக மின்னியது. வெயில் ஊடுருவிய மல்லிகைச் சரம், விளக்கேற்றி வைத்தது போல இருந்தது. கண் கூசாததால் பெண் மனசாரச் சிரித்திருந்தாள்.

கடைசியில் மாப்பிள்ளையின் பாட்டியை நாற்காலியோடு தூக்கி வந்து, இருவருக்கும் நடுவில் வைத்தார்கள். எண்பத்தெட்டு வயது. பையன் எடுத்து முடித்ததும் நான் விடவில்லை. "பாட்டி முகத்தைப் பெரிசு பண்ணிக் காட்டுப்பா" என்றேன். காட்டினான். ஒவ்வொரு சுருக்கமும், பொக்கை வாய்ச் சிரிப்பும் தெளிவாக இருந்தன. அதற்கப்புறம்தான் நாற்காலியை எடுக்கவிட்டேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வயசானவர்கள் எழுந்து போவதற்கு முன்னால், அவர்கள் முகம் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் கேட்டால் கிடைக்காது.